குப்பை மேட்டுக்குப் போட்ட வெளிச்சம்

செப்ரெம்பர் 8, 1997, திங்கள்

திரும்பவும் மீன் குடல். வேலைக்கு வெளிக்கிட்டு ஒழுங்கை முகப்புக்கு வந்தால் சப்பாத்து வழுக்குது. நேற்றுப் பூசைக்குப் போகும்போது முழங்காலளவில் இருந்த மேடு இன்றைக்கு இடுப்புக்கு வந்துவிட்டது. சிலிசிலி பொலித்தீன் பைகள், எச்சில் வாழையிலை, புளித்த சோறு, யாருடையதோ மெத்தைப் பஞ்சு. நாய் இழுத்தது பாதி ஒழுங்கைக்குள் கிடக்கு.

இது எங்கள் குப்பையே இல்லை. இது ஒரு குருட்டு ஒழுங்கை, உள்ளே கொஞ்ச வீடுகள். இவ்வளவு மீன் தின்ன எங்களில் யாருக்கு வசதி? வெளியாட்கள்தான் கொட்டுகிறார்கள். கொட்டாஞ்சேனையில் வேறு இடமா இல்லை? இருக்கு. ஆனால் இங்கே கொட்டினால் கேட்க ஆளில்லை. தமிழ்ச் சனம், பொலிசுக்குப் போகாது. அது அவர்களுக்கு நல்லாத் தெரியும்.

மூக்கைப் பொத்திக்கொண்டு போ, மழை வந்தால் அள்ளிக்கொண்டு போகும் என்கிறா வீட்டில் பிறிஜெற் அக்கா. மழை அள்ளாது, கழிவுத்தண்ணீர் ஓடுகிற கானைத்தான் அடைக்கும். இது விளங்க மருதானை ரெக்னிக்கல் கொலிஜில் படித்திருக்கத் தேவையில்லை.

செப்ரெம்பர் 14, ஞாயிறு

அடைத்தே விட்டது.

மழை விடியற்காலை தொடங்கியது. ஒழுங்கை முகப்புத்தான் பள்ளம். எங்கள் வீடும் எதிரே அங்கம்மாவின் அறையும் அங்கேதான். எங்களுக்கு மூன்று படி இருக்கு. அங்கம்மாவுக்கு வாசற்படியே இல்லை. நான் எட்டிப் பார்த்தபோது மனுசி கட்டிலில் ஏறி நின்று இடியப்பத் தட்டுகளைத் தலைக்கு மேலே பிடித்திருந்தா. விற்பதற்கு இடித்து வைத்த மா முழுக்கக் கறுத்த தண்ணீரில்.

மகன் இராமர் வாளியால் இறைத்துக்கொண்டிருந்தான். ஐந்தாம் குறுக்குத் தெருவில் வெங்காயக் கடையொன்றில் மூட்டை தூக்குகிறவன். இறைக்கிற தண்ணீர் திரும்ப உள்ளேதான் வருகிறது, பார்க்கிறான், திரும்பவும் இறைக்கிறான். மடையா, முதலில் வழியைத் திற என்று கத்தினேன். பிறகு நானே இறங்கினேன். அவர்கள் வாசலுக்கு முன்னால் கானின் மூடுகல்லை அலவாங்கால் நெம்பித் தூக்கி இரண்டு பேரும் கையால் வாரினோம். ஒரு முழு மாட்டுக் குடல் வந்தது. அதற்குப் பிறகு தண்ணீர் இறங்கியது.

"நீங்க எதுக்குத் தம்பி சேத்துல எறங்குறீங்க? படிச்ச புள்ள," என்றா அங்கம்மா.

படித்ததற்கும் சேற்றுக்கும் என்ன சம்பந்தம்?

செப்ரெம்பர் 16, செவ்வாய்

ஆளைப் பிடித்தேன். பின்னேரம், இருட்டுப்படுகிற நேரம், ஒரு பழைய வான். இரண்டு பேர் சாக்கைக் கவிழ்க்கிறார்கள், அவசரம்கூட இல்லை. சிங்களத்தில் கேட்டேன், உங்கள் வீட்டு வாசலில் கொட்டுவீர்களா என்று. சாரதி சிரித்தான். ஹோட்டல் முதலாளி எங்கேயாவது கொட்டச் சொன்னாராம், மாநகரசபை லொறிக்காரனுக்குச் சந்தோசக் காசு கொடுக்க அவருக்கு மனமில்லையாம்.

"பொலிசுக்குச் சொல்லேன் மல்லி. நீ போவியா?" மல்லியாம், அவனுக்கு நான் தம்பியாம்.

அதுதான். அந்த ஒரு கேள்வி. போகமாட்டேன் என்று அவனுக்குத் தெரிந்திருக்கு.

நான் போகத் தயார். நான் கொட்டாஞ்சேனையிலேயே பிறந்தவன், அடையாள அட்டை இருக்கு, வேலை இருக்கு. பேதுரு அங்கிள்தான் மறித்தார். துறைமுகத்தில், ஹாபரில், கிளாக்காக இருந்து பென்சன் எடுத்தவர், ஒழுங்கைக்கே பெரியவர். நீ போய் முறைப்பாடு வைத்தால் விசாரிக்க வருவான், வந்தால் குப்பையை மட்டுமா பார்ப்பான், வீடு வீடாக யார் இருக்கிறது என்று கேட்பான், அங்கம்மாவின் பொடியனை எங்கே ஒளிப்பாய் என்றார்.

இராமரிடம் அடையாளக் காட் இல்லை. மஸ்கெலியாவில் பிறந்தவன். எண்பத்து மூன்று கலவரத்தில் அவர்கள் இருந்த தோட்டத்து லயத்தை எரித்தபோது பிறப்புப் பத்திரமும் போய்விட்டது. அதற்குப் பிறகு தோட்டத்துரை, கிராம சேவகர், அரசாங்கக் கச்சேரி என்று அலைந்து ஒன்றும் ஆகவில்லை. பிறப்புப் பத்திரம் இல்லாமல் காட் இல்லை, காட் இல்லாமல் பொலிஸ் பதிவு இல்லை. ஆக, கொழும்பில் இராமர் என்று ஒருவன் இல்லை. வேலை விட்டு இருட்டோடு வருகிறான், விடிய முன்னம் போகிறான்.

சரி. பொலிஸ் வேண்டாம். வேறு வழி பார்ப்போம்.

செப்ரெம்பர் 21, ஞாயிறு

பூசை முடிந்து ஒழுங்கைக்காரர் கூடிக் கதைத்தோம். பேதுரு அங்கிளின் யோசனை அந்த இடத்தில் அந்தோனியார் சுருவம் ஒன்று வைப்பது. சுருவத்தின் காலடியில் ஒருத்தனும் கொட்டமாட்டானாம். உள்வீட்டுக்காரர் ஒருவர் பிள்ளையார் வைக்கலாம் என்றார். யாரை வைப்பது என்பதிலேயே பாதி நேரம் போனது.

நான் சொன்னேன், களவுக்குக் கொட்டுகிறவனுக்குச் சாமி தேவையில்லை, வெளிச்சம் காணும் என்று. அவர்கள் வருவது மைம்மலில், இருட்டுப்படுகிற நேரம். பார்க்க ஆள் இருக்கு என்று தெரிந்தால் வரமாட்டார்கள். ஒருவரும் ஓமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. எங்கள் ஆட்களோடு ஒரு முடிவு எடுப்பதற்குள் மனுசனுக்கு நரைத்துவிடும்.

செப்ரெம்பர் 27, சனி

போட்டாச்சு. வேலைத்தளத்தில் கழற்றி எறிந்த ஃப்ளட் லைட் ஒன்று, போர்மனிடம் கேட்டு எடுத்தேன். எங்கள் சுவரில் இரும்புக் கை அடித்துப் பூட்டினேன். இருட்டினால் தானே எரியும், விடிந்தால் தானே அணையும். அதற்கொரு சின்னக் கண் வைத்திருக்கிறேன். யாரும் சுவிச்சுக்கு ஓட வேண்டியதில்லை. கறண்ட் எங்கள் மீற்றரில்தான். அக்கா முணுமுணுத்தா, முணுமுணுக்கட்டும்.

ஆறரைக்குக் குபுக்கென்று எரிந்தது. ஒழுங்கை முகப்பு கலியாண வீடு மாதிரி. இராமர் வேலையால் வந்தவன் வெளிச்சத்துக்குள் கால் வைக்காமல் கொஞ்ச நேரம் றோட்டிலேயே நின்றான். பிறகு தலையைக் குனிந்துகொண்டு கெதியாக நடந்து போனான்.

"என்னண்ணே, இம்புட்டு வெளிச்சம்?" என்றான்.

பழகிவிடும் என்றேன்.

செப்ரெம்பர் 30, செவ்வாய்

வான் வந்தது. நின்றது. போய்விட்டது.

ஒக்ரோபர் 5, ஞாயிறு

மிச்ச மேட்டை நானும் இராமரும் உள்வீட்டுக்காரர் இருவரும் அள்ளி மாநகரசபை லொறிக்கு ஏற்றினோம். அடியில் சீமெந்துத் தரை இருக்கு! எனக்கே தெரியாது. கானைக் கழுவி விட்டேன். தண்ணீர் சத்தம் போட்டு ஓடுது.

பேதுரு அங்கிள் வந்து பார்த்துவிட்டுத் தோளில் தட்டினார். அங்கம்மா இடியப்பமும் சம்பலும் அனுப்பினா. சொன்னால் கேட்கவேண்டும். இவ்வளவு காலமும் நாற்றத்துக்குள் இருந்தது தலைவிதியால் இல்லை, சோம்பலால்.

ஒக்ரோபர் 15, புதன்

காலையில் கோட்டைப் பக்கம் குண்டு வெடித்தது. நாங்கள் வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியில் லிஃப்ற் கயிறு மாற்றிக்கொண்டிருந்தோம். போர்மன் எல்லாரையும் வீட்டுக்குப் போகச் சொன்னார். பஸ் இல்லை. நடந்து வந்தேன், வழியெல்லாம் காட்டைக் காட்டிக் காட்டி. எங்கள் வீட்டு ஜன்னல் கண்ணாடி ஒன்று விழுந்து கிடந்தது. செத்தவர்கள் எத்தனை என்று ரேடியோ முழுக்கச் சொல்லவில்லை.

இராமர் இன்னும் வரவில்லை. அங்கம்மா வாசலிலேயே நிற்கிறா.

ஒக்ரோபர் 17, வெள்ளி

இன்றைக்கு வேலையால் வரும்போது எங்கள் சுவரோடு மண்மூட்டை. கிழித்த ரயர், தகரம், இருக்க ஒரு வாங்கு. ஆமிக்காரர் இருவரும் ஒரு கோப்ரலும். ஒழுங்கை முகப்பில் ஆமிச் சென்றி, போக வரக் காட் பார்க்கிற இடம்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. ஏன் இங்கே? மெயின் றோட்டில் இருக்கவேண்டியது. கோப்ரலே சொன்னான், சிரித்துக்கொண்டு. நல்ல மனுசன் மாதிரித்தான் கதைக்கிறான். றோட்டு முழுக்கத் தேடினார்களாம், இரவில் முகம் தெரிகிற இடம் இது ஒன்றுதானாம்.

"லைட் எக்க நியமாய், மல்லி," என்றான். வெளிச்சம் பிரமாதமாம். நீயா போட்டாய் என்று கேட்டான். ஓமென்று சொன்னேன். வேறென்ன சொல்ல?

ஒக்ரோபர் 18, சனி

இரவில் எரியாமலிருக்க வழியில்லை. தானே எரியும்படி செய்தவன் நான்.

ஒக்ரோபர் 22, புதன்

குண்டு வெடித்த நாளிலிருந்து இராமர் கடையிலேயே வெங்காய மூட்டைக்கு மேல் படுக்கிறான். குருட்டு ஒழுங்கை, வேறு வழி இல்லை. வீட்டுக்கு வரவேண்டுமென்றால் சென்றியைத் தாண்டித்தான் வரவேண்டும். கடை முதலாளி மாத முடிவு வரைக்கும்தான் என்று சொல்லிவிட்டாராம். கடை இருக்கிற பெற்றாவிலும் செக்கிங், காட் இல்லாதவனை வைத்திருந்தால் அவருக்கும் வில்லங்கம். அதற்குப் பிறகு எங்கே போவான்? மஸ்கெலியாவுக்கு பஸ் ஏறினாலும் வழியில் எத்தனை சென்றி.

இடியப்பம் கொடுத்துவிட்டு வரும்போது அங்கம்மா மகனைப் பார்த்துவிட்டு வருகிறா. என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டாலாவது பதில் யோசிப்பேன்.

ஒக்ரோபர் 26, ஞாயிறு

கோயிலில் என்னோடு ஒருவரும் கதைக்கவில்லை. பேதுரு அங்கிள் தலையாட்டினார், அவ்வளவுதான். ஒழுங்கையில் எனக்குப் புதுப் பெயராம், சென்றிக்கு லைற் போட்டவன்.

வீட்டுக்கு வந்து அக்காவோடு சண்டை பிடித்தேன். இதே சனம்தானே போன மாதம் நாற்றம் நாற்றம் என்று அழுதது, இப்ப சுத்தமாக் கிடக்கே, இப்பவும் நான்தான் பிழையோ என்று கேட்டேன்.

அக்கா பானையைத் தேய்த்துக்கொண்டே, "நாத்தம் வந்து காட் கேக்கேல்லையடா," என்றா.

சாப்பிடாமல் எழும்பிவிட்டேன். அவ சொன்னதில் பிழை இருந்தால் இவ்வளவு கோபம் வந்திருக்காது.

ஒக்ரோபர் 31, வெள்ளி

நேற்றுத் தீபாவளி. இராமர் வந்துவிட்டான்.

அங்கம்மா வர வேண்டாம் என்றுதான் சொல்லி அனுப்பினவ. ஆனாலும் வந்தான். பகலில் வந்தால் கூட்டத்தோடு கூட்டமாகப் போய்விடலாம் என்று நினைத்திருக்கிறான். புதுச் சேட்டு, கையில் தொதல் பார்சல். நான் ஜன்னலில் நின்று பார்த்தேன். ஆமிக்காரர் பார்சலைப் பிரித்துப் பார்த்தார்கள், ஒரு துண்டு எடுத்துச் சாப்பிட்டார்கள். பிறகு கேட்டார்கள். "கார்ட் எக்க?"

ஓடிப்போனேன். கோப்ரலிடம் சொன்னேன், இது எங்கள் ஒழுங்கைப் பொடியன், எனக்குச் சின்னனில் இருந்து தெரியும், அந்த வீட்டு அம்மாவின் மகன் என்று. அவன் என்னைப் பார்த்த விதம் - கோபமில்லை. எனக்கு உதவ முடியாத கவலை மாதிரி. நீ நல்லவன் மல்லி, உனக்குக் காட் இருக்கு, இவனுக்கு இல்லையே என்றான். ஜீப் வந்தது.

இராமர் ஏறும்போது அம்மாவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்து, "பார்சல அம்மாகிட்ட குடுத்துருங்கண்ணே," என்றான்.

கொடுத்தேன். அங்கம்மா வாங்கி மடியில் வைத்துக்கொண்டு இருக்கிறா. இன்னும் அப்படியே இருக்கிறா.

என்ர கையால பூட்டின லைற். என்ர கையால.

நவம்பர் 4, செவ்வாய்

இராமரை விட்டுவிட்டார்கள். கடை முதலாளியும் பேதுரு அங்கிளுக்குத் தெரிந்த சட்டத்தரணி ஒருவரும் போய்ப் பொறுப்பெடுத்தார்கள். காதடியில் வீக்கம். என்ன நடந்தது என்று சொல்லமாட்டேனென்கிறான். அடுத்த முறை பிடிபட்டால் இங்கே வைத்திருக்கமாட்டோம், களுத்துறை ஜெயிலுக்கு அனுப்புவோம் என்று சொல்லியே விட்டிருக்கிறார்கள். திரும்பவும் வெங்காய மூட்டைக்குத்தான் போயிருக்கிறான். முதலாளி இன்னும் கொஞ்ச நாளைக்குப் பொறுப்பாராம்.

நவம்பர் 6, வியாழன்

வயரைத் தளர்த்தினேன். மழையில் பழுதானது மாதிரி இருக்கட்டும் என்று. ஆறரைக்கு எரியவில்லை.

ஏழு மணிக்குக் கோப்ரல் கதவைத் தட்டினான். சிரிப்பு இல்லை. நீ கொம்பனியில் லிஃப்ற் திருத்துகிறவன், ஒரு லைற்றைத் திருத்த உனக்குத் தெரியாதா என்று கேட்டான். சென்றிக்கு மேலே இருக்கிற லைற் ஏன் திடீரென்று நின்றது என்று மேலிடத்தில் கேட்டால் நான் உன் பெயரைத்தான் சொல்லவேண்டும் என்றான். மிரட்டினான் என்று எழுத முடியவில்லை. உள்ளதைச் சொன்னான்.

ஏணி வைத்து ஏறி, அவன் ரோச் பிடிக்க, நானே திரும்பப் பூட்டினேன். எதிரே அங்கம்மா பார்த்துக்கொண்டிருந்தா.

நவம்பர் 9, ஞாயிறு

அங்கம்மா வீட்டுக்கு வந்தா. ஒருநாளும் உள்ளே வந்து இருக்காதவ, இன்றைக்குக் கதிரையில் இருந்தா. நான் பழி கேட்கத்தான் வந்திருக்கிறா என்று நினைத்தேன். இல்லை.

"தம்பி, அந்தக் கானு... அன்னைக்குத் தொறந்தீங்களே. அது மறுபடி அடைச்சா தண்ணி எது வரைக்கும் ஏறும்?"

எனக்கு உடனே விளங்கவில்லை. நான் கணக்குச் சொன்னேன் - மூடுகல்லுக்குக் கீழே அடைத்தால், இப்ப பெய்கிற மழைக்கு, ஒழுங்கை முகப்பில் கணுக்காலுக்கு மேலே நிற்கும், நல்ல மழையென்றால் முழங்கால். சென்றி வாங்கு அதே பள்ளத்தில்தான் இருக்கு, அவர்களுக்கும்தான் என்று சொல்லும்போதுதான் அவ எதற்குக் கேட்கிறா என்று உறைத்தது.

உங்கள் அறைக்குள் முதலில் வருமே என்றேன். கட்டில் மட்டத்துக்கு வரும். மா, அடுப்பு, உடுப்பு, எல்லாம்.

"வந்தா வரட்டும் தம்பி. தண்ணியில நிக்க எனக்குத் தெரியும். புள்ள வீட்டுக்கு வரணும்."

அக்கா குசினி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தா.

நவம்பர் 11, செவ்வாய்

லீவு போட்டேன். காலை பத்து மணிக்கு, எல்லாரும் பார்க்க, அலவாங்கோடு இறங்கினேன். கோப்ரல் என்ன செய்கிறாய் என்று கேட்டான். கான் துப்புரவாக்குகிறேன், மழைக்காலம் என்றேன். நல்லது என்றான். தூறல் விழ ஒரு ஆமிக்காரன் குடையைக் கொண்டுவந்து எனக்கு மேலே பிடித்தான். என் வயது இருக்கும். ஊர் மொனராகலையாம். அவனுடைய அம்மா வீட்டிலும் கான் அடைக்குமாம்.

குடைக்குக் கீழே இருந்துகொண்டு, மேலே இருந்த சேற்றை வாளியில் அள்ளி வெளியே வைத்தேன். அவன் வாளியைக் கொட்டப் போன நேரத்தில் சாக்கை உள்ளே தள்ளினேன். கிழிந்த மெத்தைப் பஞ்சு, தும்பு, சிலிசிலி பைகள். அங்கம்மா உள்ளேயிருந்து ஒவ்வொன்றாக எடுத்துத் தந்தா. எங்கே தள்ளினால் இறுகும் என்று எனக்குத் தெரியும். படித்தது இதற்கும் உதவுது.

கல்லை மூட அந்தப் பொடியனும் ஒரு பக்கம் பிடித்தான். நன்றி சொன்னேன்.

நவம்பர் 16, ஞாயிறு

முந்தநாளிலிருந்து விடாத மழை. ஒழுங்கை முகப்பு குளம். மண்மூட்டைகள் ஊறிச் சரிந்துவிட்டன. ஆமிக்காரர் வாங்குக்கு மேல் ஏறி இருக்கிறார்கள், சப்பாத்தைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு. மொனராகலைப் பொடியனுக்குக் கால்விரல் இடுக்கெல்லாம் புண். அக்கா மஞ்சள் அரைத்துக் கொடுத்தா.

அங்கம்மா கட்டிலில் இருந்தபடியே இடியப்பம் பிழிகிறா. அறைக்குள் சட்டி மிதக்குது. நான் போய்ப் பார்க்க, வெளியில் என்ன கதைக்கிறார்கள் என்று கண்ணால் கேட்டா.

கோப்ரல் கேட்டான், துப்புரவாக்கினாயே, பிறகு ஏன் ஓடவில்லை என்று. றோட்டுப் பக்கத்தில் மாநகரசபைக் குழாய் உடைந்திருக்கும், அது என் கையில் இல்லை என்றேன். கண்ணைப் பார்த்தே சொன்னேன். இவ்வளவு சுகமாகப் பொய் வரும் என்று எனக்குத் தெரியாது.

நவம்பர் 20, வியாழன்

சென்றியை மாற்றிவிட்டார்கள். மெயின் றோட்டுச் சந்தியில் பார்மசிக்கு முன்னால், நனையாத இடம். சந்திக்கு வராமல் பின் ஒழுங்கைகளால் சுற்றி எங்கள் முகப்புக்கு வரலாம்.

போகும்போது கோப்ரல் லைற்றைக் கழற்றிக்கொண்டு வந்து புது இடத்தில் பூட்டித் தரச் சொன்னான். பூட்டிக் கொடுத்தேன். நன்றாக எரியுது, முந்தியதைவிடத் தூரம் அடிக்குது. அந்தச் சந்தியாலும் யாருடைய மகனோ நடந்து வருவான். அதை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. எழுதாமல் விடவும் முடியவில்லை.

நவம்பர் 23, ஞாயிறு

கானைத் திறக்கட்டுமா என்று அங்கம்மாவிடம் கேட்டேன். வேண்டாமாம். காய்ந்து கிடந்தால் ஆமிக்காரர் திரும்ப வந்து குந்துவார்களாம். பேதுரு அங்கிளும் அதையேதான் சொன்னார், வேறு பக்கம் பார்த்துக்கொண்டு.

நவம்பர் 30, ஞாயிறு

மைம்மலில் இராமர் வந்தான். சாரத்தை முழங்காலுக்கு மேல் மடித்துக்கட்டி, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, கறுத்த தண்ணீரைக் கடந்து நேரே தாயின் வாசலுக்குப் போனான். உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது. என்ன பகிடியோ.

கொஞ்சம் பிந்தி அந்த வான். சாரதி இறங்காமல் சுவரில் இருந்த வெறும் இரும்புக் கையைப் பார்த்தான். பிறகு படியில் நின்ற என்னைப் பார்த்தான். என்ன மல்லி, லைற் எங்கே என்று கேட்டான்.

இல்லை என்றேன். "தான்ன." கொட்டு என்று சொன்னேன்.

ஒரு கணம் யோசித்தான். பிறகு இரண்டு பேரும் இறங்கிச் சாக்கைக் கவிழ்த்தார்கள். மீன்தான். நான் அங்கேயே நின்றேன், அவர்கள் போகும் வரைக்கும்.

அங்கம்மாவின் கட்டிலை நேற்றே செங்கல் வைத்து உயர்த்திவிட்டேன். இராமர் படுக்க ஒரு பலகை போட்டால் அதற்கும் செங்கல் வேண்டும். நாளைக்கு வேலைத்தளத்தில் கேட்டுப் பார்க்கவேணும்.